பூவரசம்பூ எழுப்பிய வினா

சீமெந்து மதில்கள் எழுந்துவிட்ட இக்காலத்திலும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலே பூவரசு நிற்கும் வேலிகள் அடியோடு மறைந்துவிடவில்லை. கதியாலாக நாட்டிய தடியே தளிர்த்து மரமாகிவிடும். அதன் குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆகும். இலையைச் சுருட்டிச் சிறுவர் பீப்பீ ஊதுவர். பூவை மட்டும் எவரும் பொருட்படுத்துவதில்லை. காலையில் மஞ்சளாய் மலர்ந்து, மாலையிற் செம்மை படர்ந்து வாடிவிடும் அப்பூ, ஒரு காலத்தில் இந்நாட்டின் வீதிகளிலே விற்கப்பட்டு, ஆண்ட அரசாங்கத்துக்கே சங்கடம் விளைவித்தது என்று கூறினால் எமது மாணவர் எம்மை ஐயத்தோடு நோக்குகின்றனர். சிங்கள மக்கள் பூவரசைச் 'சூரிய' என்பர். அதன் பெயரால் எழுந்ததே சூரியமல் இயக்கம். முதியோரைப் பேணுதல் பற்றி எழுதப் புகுந்த நாம் பூவரசம்பூவைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு.

1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆந் திகதி முதலாவது உலகப் போர் ஓய்ந்தது. கையும் காலும் கண்ணும் இழந்து மீண்டவர் பலர். மீளாதவரை எண்ணி வாடிய குடும்பங்களும் பல. இவர்களுக்கு உதவுமுகமாக, 1921ஆம் ஆண்டு தொடக்கம் பிரித்தானியாவில் அந்த நாளை ஒட்டிச் செயற்கைப் பொப்பி மலர்கள் விற்கப்பட்டன. போரினாற் சிதைந்த மண்ணிலே தானாகப் பூத்த செம்மலர் ஆதலால் அதனைத் தெரிந்தெடுத்தனர். அடுத்த ஆண்டிலே இலண்டனில் ஒரு தொழிற்சாலை நிறுவி, ஊனமுற்ற முன்னாள் வீரரைக் கொண்டே அம்மலர்களைச் செய்விக்கவும் தொடங்கினர். கையேந்தச் செய்வதினும் கைக்குத் தொழில் கொடுப்பது மேலென்று கண்ட அவ்வேற்பாடு எவரும் போற்றத்தக்கதே.

ஆனால், அந்த வழக்கம் குடியேற்ற நாடாகிய இலங்கைக்கு வந்தபோது அதன் மறுபக்கம் புலனாயிற்று. இங்கே பாடசாலைப் பிள்ளைகளும் காசு கொடுத்துப் பொப்பி மலர் வாங்கி அணிய வேண்டியவராயினர். அவ்வாறு சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானிய வீரரின் நலனுக்கென்று கடல் கடந்து சென்றது. அதே போருக்கு இலங்கையிலிருந்து சென்று, அதே சேற்றில் நின்று, திரும்பி வந்து தொழிலின்றி நலிந்தவர்களுக்கு எஞ்சியதோ சொற்பம். பூ ஒன்று, புண் ஒன்று, பணம் போன இடம் மட்டும் வேறு.

இந்த அநீதியைக் கண்டு முதலிற் குரல் எழுப்பியவர் முன்னாள் வீரர் ஒருவரே. ஏலியன் பெரேரா என்னும் அவர் 1931ஆம் ஆண்டில், பொப்பி மலருக்கு எதிராக, அதே நாளிற் சூரிய மலரை விற்கும் முயற்சியைத் தொடங்கினார். அதனாற் கிடைக்கும் பணம் வறிய இலங்கை வீரருக்கே உரியதாயிற்று. 1933ஆம் ஆண்டில் டொரீன் விக்கிரமசிங்க என்னும் ஆசிரியை 'மலர்களின் போர்' என்ற தலைப்பிற் சிலோன் டெயிலி நியூஸ் பத்திரிகையிலே ஒரு கட்டுரை வரைந்தார். தம் நாட்டு வீரர் வாடியிருக்க, பிறநாட்டு வீரருக்காக இந்நாட்டுப் பிள்ளைகளைக் காசு கொடுக்க வைத்தல் எவ்வாறு பொருந்தும் என்று அவர் வினவினார். அவர் பிறப்பால் ஆங்கிலேயர் என்பதே இங்கு வியப்பு. அவருடைய நாட்டவர் அவரைக் கண்டித்தனர். கொழும்புத் தெற்கு வாலிபர் சங்கத்து இளைஞரோ அவ்வியக்கத்தைக் கையேற்று நடாத்தினர். இரண்டாவது உலகப் போர் வரையும் ஆண்டுதோறும் அப்பூ விற்பனையாயிற்று. வாங்கியவர் பெரும்பாலும் ஏழைகள் ஆதலால் திரண்ட பணம் அதிகமன்று. ஆயினும், 1934–35ஆம் ஆண்டுகளில் மலேரியாச் சுரம் இந்நாட்டிலே பல்லாயிரம் உயிர்களைக் கொள்ளைகொண்டபோது, சூரியமல் தொண்டர் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் சுமந்து சென்றனர். வீரருக்கென்று தொடங்கிய பரிவு நோயாளிகளையும் பசித்தோரையும் தழுவிக்கொண்டது.

இவ்வரலாற்றிலே நாம் மதிப்பது அரசியலை மட்டுமன்று. அப்பூ எழுப்பிய ஒரே வினாவையே மிகுதியும் மதிக்கின்றோம். "கொடுக்கின்றீர்கள், நன்று, ஆனால் விடுபட்டவர் யார்?" என்பதே அவ்வினா. எந்தத் தருமத்தையும் உரைத்துப் பார்ப்பதற்கு இதனினும் நல்ல கல் உண்டோ?

முன்னாள் வீரரும் முதியோரும் ஒரு வகையில் ஓரினத்தவரே. இருசாராரும் உடலில் வலுவிருந்த காலத்திற் பிறருக்காக அதனைச் செலவிட்டவர். வலுக் குன்றியபின் பிறருடைய நினைவை நம்பி வாழ வேண்டியவர். ஆகவே பூவரசம்பூ அன்று வீரரைப் பற்றி எழுப்பிய வினாவை இன்று எம் ஊர் முதியோரைப் பற்றியும் எழுப்புதல் தகும்.

இலங்கையில் 60 வயதும் அதற்கு மேற்பட்டோரும் 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நூற்றுக்கு 6.6 வீதத்தினர், 2012ஆம் ஆண்டின் மதிப்பில் அவர்கள் 12.4 வீதமாகிவிட்டனர். பிறப்புக் குறைந்தது, மருத்துவ வசதியால் ஆயுள் நீண்டது, இளைஞர் தொழில் தேடியும் போருக்கு அஞ்சியும் பிறநாடுகளுக்குப் பெயர்ந்தனர். முன்னர் ஒரு வளவினுள் மூன்று தலைமுறை வாழ்ந்தது. இன்று நாற்சார் வீட்டின் விறாந்தையிலே ஒரு மூதாட்டி தனியாக இருந்து படலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றாள்.

அரசாங்க சேவையில் இருந்தோருக்கு ஓய்வூதியம் உண்டு. தனியார் துறையில் உழைத்தோருக்கு 1958ஆம் ஆண்டில் ஊழியர் சேமலாப நிதி ஏற்பட்டது. கமக்காரருக்கு 1987ஆம் ஆண்டிலும், மீனவருக்கு 1990ஆம் ஆண்டிலும் சந்தா செலுத்தி ஓய்வூதியம் பெறும் திட்டங்கள் சட்டமாயின. இவற்றினுள் அடங்காதோர் யார்? நாட்கூலிக்குத் தோட்டங்கொத்தியவர், புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தவர், வீடு வீடாக மா இடித்துக் கொடுத்தவர், ஐந்து பிள்ளைகளை வளர்த்ததல்லாது 'தொழில்' என்று எழுதத்தக்க வேறெதுவும் செய்யாத தாய்மார். விடுபட்டவரின் நிரை மிக நீண்டது.

சட்டம் இவர்களை முற்றும் மறந்துவிடவில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கெனத் தேசிய சபையொன்றையும் செயலகமொன்றையும் தோற்றுவித்தது. பிள்ளைகள் தம் பெற்றோரைப் புறக்கணித்தலாகாது என்று அது விதிக்கின்றது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் முறையிட்டு, பிள்ளைகளிடமிருந்து மாதந்தோறும் ஒரு தொகையைப் பெறுதற்கும் வழி செய்கின்றது. கிராமந்தோறும் முதியோர் சங்கங்கள் அமைந்துள்ளன. 60 வயதானோருக்கு முதியோர் அடையாள அட்டை வழங்கப்படுகின்றது. 70 வயது கடந்த வறியோருக்கு மாதாந்த உதவித் தொகையும் உண்டு. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலே அதனை 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்துதற்குப் பிரேரிக்கப்பட்டது. இவை யாவும் நல்லனவே.

ஆயினும், சட்டம் ஒரு நிபந்தனையை மறைமுகமாக வைத்திருக்கின்றது. உரிமை உடையவர் வாய் திறந்து கேட்டல் வேண்டும் என்பதே அது. எமது தாய்மார் கேட்பார்களா? இவ்விடத்தில், எமது ஊர் முதியோர் சங்கத்துக்கு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுக்கும் பணியில் நாம் கண்ட ஒன்றைக் கூறுதல் பொருத்தமாகும்.

எழுபத்து நான்கு வயதான ஆச்சி ஒருவர். கணவர் காலமாகிப் பல ஆண்டுகள். பிள்ளைகள் இருவர், மகள் போர்க்காலத்தில் மறைந்தாள், மகன் ஐரோப்பாவில் இருக்கின்றான். 'மகன் வெளிநாட்டில்' என்ற ஒரு சொல்லே ஆச்சிக்குப் பகையாயிற்று. உதவிப் பட்டியலிலே அவர் பெயர் இல்லை. வெளிநாட்டுப் பிள்ளை உள்ளவருக்கு என்ன குறை என்று ஊரும் எண்ணியது. ஆனால், அவர் வீட்டு அடுப்பு நாளுக்கொரு முறையே புகைகின்றது என்பதை அயலார் அறிவர். மேன்முறையீடு எழுதுவதற்காக நாம் படிவத்துடன் அவர் வீட்டுக்குச் சென்றோம். பிள்ளைகளிடமிருந்து கிடைக்கும் உதவியைக் குறிக்கும் இடம் வந்தது.

"மகன் அனுப்புறவன் எண்டு எழுதிவிடுங்கோ தம்பி" என்றார் ஆச்சி.

"எவ்வளவு எண்டு எழுதவேணும் ஆச்சி?"

"அவனுக்கு வசதிப்படுகிற நேரம் அனுப்புவான்."

"கடைசியா எப்ப அனுப்பினவர்?"

ஆச்சி படலைப் பக்கம் பார்த்தார். "அங்கை அவனுக்கும் பிள்ளையள் இருக்குதுகள். செலவு கூடத்தானே" என்றார். அதற்குமேற் பேசவில்லை.

எம்மாலும் மேலே வினவ முடியவில்லை. 'என் மகன் என்னைப் பார்ப்பதில்லை' என்று எழுதிய தாளிலே கைந்நாட்டு இடுவதைக் காட்டிலும் பட்டினி கிடத்தல் அவருக்கு எளிதாக இருந்தது. பராமரிப்புச் சபைக்கு முறையிடலாம் என்று இத்தகைய தாயிடம் கூறுதல் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும் அன்றோ? அந்த மகனையும் நாம் அறியாமற் பழித்தல் முறையன்று. குளிர் நாட்டிலே இரண்டு வேலை செய்து, கடனுக்கும் வாடகைக்கும் ஈடுகொடுக்க மாட்டாது, வெட்கத்தினாலே தாய்க்குத் தொலைபேசி எடுக்காதவராய் வாழ்வோரும் உளர். மானம் இரண்டு கரைகளிலும் நின்று வாய்களைப் பூட்டிவிடுகின்றது.

படிவத்தை எடுத்துக்கொண்டு சங்கத் தலைவரிடம் சென்றோம். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர், எண்பதைக் கடந்தவர். வாழ்நாள் முழுவதும் பிறருடைய காசுக் கட்டளைகளையும் கடிதங்களையும் கையாண்டவர் ஆதலால், எந்த வீட்டுக்கு எது வருகிறது, எது வருவதில்லை என்பதை அறியும் பழக்கம் உடையவர். விடயத்தைக் கேட்டதும், "மாஸ்டர், அவ சொல்ல வேண்டாம். நாங்கள் சொல்லுவம்" என்றார். பின்னர் சிறிது யோசித்து, அந்த இடத்தில் 'ஒழுங்காகக் கிடைப்பதில்லை' என்று எழுதும்படி கூறினார். "ஒழுங்காக இல்லை எண்டது உண்மைதானே. அதிலை மகனுக்கும் குறையில்லை" என்றார். ஆச்சியிடம் வாசித்துக் காட்டினோம். அவர் தலையசைத்துக் கையொப்பமிட்டார். அவருக்கு நிலையான வருமானம் எதுவும் இல்லை என்பதைத் தாம் அறிவதாகச் சங்கத்தார் ஒரு கடிதம் எழுதி, பன்னிரண்டு பேர் ஒப்பமிட்டு இணைத்தனர். கிராம உத்தியோகத்தர் நேரில் வந்து பார்த்துச் சென்றார். சில மாதங்களின் பின் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. முதல் மாதப் பணம் கிடைத்தபோது ஆச்சி அயலவரிடம், "மகன் காசு அனுப்பினவன்" என்று கூறினாராம். அதைக் கேட்ட நாமோ தபாலதிபரோ எவரிடமும் மறுத்துரைக்கவில்லை.

முதியோருக்கான தொண்டில் மிக இன்றியமையாதது எது என்பதை நாம் அன்று தெளிந்தோம். பரிந்து பேசுதல் என்று தமிழில் ஓர் அழகிய தொடர் உண்டு. பரிவு இல்லாத பேச்சு வழக்காகிவிடும். பேச்சு இல்லாத பரிவு பெருமூச்சாகிவிடும். ஏலியன் பெரேரா தம் தோழருக்காகப் பரிந்து பேசினார். டொரீன் அம்மையார் தம்மவரின் கண்டனத்தையும் பொறுத்துக்கொண்டு பிறருக்காகப் பரிந்து பேசினார். கேட்க வெட்கப்படுபவருக்காகக் கேட்பதும், மானத்தைக் காத்தபடி உரிமையைப் பெற்றுக் கொடுப்பதும் ஊர்ச் சங்கம் ஒன்றினாற் செய்யத்தக்க பணிகளே. அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பன்னிரண்டு கையொப்பங்கள் போதும்.

இவ்வாறு பேசுவோர் இல்லாவிடில் கிடைத்ததும் நிலைக்காது. 2015ஆம் ஆண்டிலே முதியோரின் வங்கி வைப்புகளுக்கு ஒரு வரையறைக்குள் 15 வீத வட்டி வழங்கும் ஏற்பாடு வந்தது. வட்டியை நம்பிச் சிறுகச் சிறுகச் செலவு செய்த குடும்பங்கள் பல. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே அது நிறுத்தப்பட்டது. அரிசியும் மருந்தும் கைக்கெட்டாத விலைக்கு ஏறியதும் அதே ஆண்டிலேதான். சலுகையாக வந்தது சலுகையாகவே போயிற்று. அதனாலேயே முதியோரின் தேவைகளைத் தயவாகக் கருதாது கடனாகக் கருதுமாறு இடையறாது வற்புறுத்தும் சங்கங்கள் வேண்டும் என்கின்றோம். 1986ஆம் ஆண்டில் இலங்கையிலே தோன்றிய ஹெல்ப்ஏஜ் நிறுவனம் கண்புரை நீக்கும் சத்திரசிகிச்சை போன்ற பணிகளைச் செய்து வருகின்றது. பார்வை மீண்ட ஒருவர் தம் விண்ணப்பத்தைத் தாமே வாசிப்பார். உதவியென்றால் அவ்வாறு நிமிர்ந்து நிற்கச் செய்வதாதல் வேண்டும்.

ஒக்டோபர் 1ஆந் திகதியைச் சர்வதேச முதியோர் தினமாக ஐக்கிய நாடுகள் சபை 1990ஆம் ஆண்டிலே பிரகடனஞ் செய்தது. எமது நாட்டில் அதே நாளிலே சிறுவர் தினமும் கொண்டாடப்படுகின்றது. இரு பருவத்தினரையும் ஒரு நாளில் நினைத்தல் அழகே. ஆனால் விழா நடப்பது எவ்வாறு? பத்து மணிக்கென்று அழைக்கப்பட்ட முதியோர் பிரமுகர் வரும்வரை பன்னிரண்டு மணி மட்டும் பிளாஸ்ரிக் கதிரையில் அமர்ந்திருப்பர். மாலைகளும் உரைகளும் முடிந்தபின் ஆளுக்கொரு துவாயோ குடையோ கிடைக்கும். புகைப்படம் எடுப்பர். துவாய் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று முன்னரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்கின்றோம். எமது சங்கத்திற் கேட்டபோது எவரும் துவாய் கேட்கவில்லை. தபாற் கந்தோர்ப் படியிலே பிடித்து ஏற ஒரு கம்பி கேட்டனர்; கிளினிக் நாளில் வைத்தியசாலைக்குக் கூட வருவதற்கு ஓர் ஆள் கேட்டனர்; பத்திரிகை வாசித்துக் காட்ட ஒரு பிள்ளையைக் கேட்டார் ஒரு பெரியவர். கடைசி இரண்டையும் எமது கல்லூரியின் மேல் வகுப்பு மாணவர் சிலர் ஏற்றுக்கொண்டனர். கம்பிக்காக இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றோம்.

இனி, பூவரசம்பூவின் வினாவை எழுப்புதற்கு மிகக் கடினமான இடம் ஒன்று உண்டு. இந்நாட்டிலே 2009ஆம் ஆண்டில் முடிந்த போர், அவயவம் இழந்தோரை எல்லாப் பக்கத்திலும் விட்டுச் சென்றது. அரச படையினரின் நலனுக்காக 1999ஆம் ஆண்டிலே ஓர் அதிகார சபை சட்டத்தினால் நிறுவப்பட்டது. கால் இழந்த ஒரு சிங்களக் கிராமத்து இளைஞனுக்கு அது பயன்படின் நாம் மகிழ்வோம். அவனும் ஓர் ஏழைத் தாயின் பிள்ளை. ஆனால் வன்னியிலே ஊன்றுகோலுடன் வாழும் முன்னாட் போராளியும், எந்தப் பக்கத்தையும் சாராது எறிகணையினாற் காலிழந்த கமக்காரனும், பிள்ளைகள் எவரும் மிஞ்சாத கிழவியும் எந்த மலரின் பங்காளிகள்? அவ்விளைஞரும் இன்று நடுவயதைக் கடக்கின்றனர். முதுமையும் ஊனமும் அவர்களை ஒருங்கே வந்தடையும். தம்மவரை மட்டும் நினைக்கும் தருமத்தின் குறையை 1931ஆம் ஆண்டிலே இந்நாட்டவர் பிறரிடத்துக் கண்டு சினந்தனர். அதே குறை எம்மிடத்தும் எமது அயலவரிடத்தும் குடிபுகலாமா? ஆறுதலான ஒன்றும் உண்டு. வறியோருக்கு உதவுவதற்காக 1831ஆம் ஆண்டில் தோன்றிய கொழும்பு நட்புறவுச் சங்கம் 1985ஆம் ஆண்டு தொடக்கம் ஜெய்ப்பூர்ச் செயற்கைக் கால்களைச் செய்து கொடுக்கின்றது. யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் நிறுவனம் போர் மூண்டிருந்த 1987ஆம் ஆண்டு முதல் அப்பணியை ஆற்றி வருகின்றது. அளவெடுப்பவர் காலின் நீளத்தைக் கேட்பாரேயன்றி, அது எந்தப் பக்கம் நின்ற கால் என்று கேட்பதில்லை.

அன்பர்களே, பெரிய திட்டங்கள் வகுத்தல் எம் போன்றோரின் கையில் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு முதியோர் சங்கம் இருக்கின்றது. அதற்கொரு பெயர்ப் பட்டியலும் இருக்கின்றது. ஓய்வுபெற்ற ஒரு தபாலதிபரோ, ஆசிரியரோ, தாதியோ அங்கே கட்டாயம் இருப்பார். படிவம் நிரப்பத் தெரிந்த மாணவரும் இருப்பர். இவர்கள் கூடி ஒரு மாலை அந்தப் பட்டியலை ஒழுங்கை ஒழுங்கையாக வாசித்துப் பார்த்தாற் போதும். விடுபட்டவரின் வீடு தானே நினைவுக்கு வரும். அடுத்த முதியோர் தினத்துக்குத் துவாய் வாங்கக் காசு சேர்க்குமுன், பட்டியலில் இல்லாத அந்தப் பெயரைத் தேடிச் செல்வோமாக.